ஆவணிக்கு முன் நின்ற புத்தகம்

எங்கள் வீட்டில் மூன்று ஆங்கிலப் புத்தகங்கள் இருந்தன. எனக்கு ஆங்கிலத்தில் ஓர் எழுத்தும் தெரியாது. ஆனாலும் உனக்கு மிகவும் பிடித்த புத்தகம் எது என்று யாராவது கேட்டால், அந்த மூன்றில் ஒன்றைத்தான் சொல்வேன். கேட்டவர்கள் என்னை ஒரு மாதிரிப் பார்ப்பார்கள். பார்க்கட்டும். தமிழில் கைக்குக் கிடைத்ததையெல்லாம் வாசித்தவள் நான். கடையில் சாமான் சுற்றித் தந்த பத்திரிகைத் துண்டைக்கூட, எண்ணெய் ஊறிய இடம் போக மீதியை வாசித்து முடித்துவிட்டுத்தான் அடுப்பில் போடுவேன். அப்படிப்பட்டவள் தனக்குத் தெரியாத மொழிப் புத்தகம்தான் பிடிக்கும் என்று சொன்னால் பார்க்கத்தான் செய்வார்கள்.

ஆயிரத்துத் தொளாயிரத்து முப்பதுகளில் என் கணவர் நெடுந்தீவுப் பள்ளிக்கூடம் ஒன்றில் ஆங்கிலம் படிப்பித்துக்கொண்டிருந்தார். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. நாங்கள் இருவரும், ஒரு பசுவும், கொஞ்சம் ஆடுகளும், காணியைச் சுற்றிக் கடற்கல் அடுக்கிய வேலியும்தான் எங்கள் குடும்பம். ஊர்காவற்றுறையில் இருந்த வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் சீமைக்குத் திரும்பிப் போகிறார், வீட்டுச் சாமான்களை ஏலம் போடுகிறார்கள் என்று கேள்விப்பட்டு இவர் வள்ளம் ஏறிப் போனார். போனது ஒரு சாய்மனைக் கதிரை எடுக்க. திரும்பி வந்தபோது கதிரையைக் காணவில்லை. கக்கத்தில் மூன்று புத்தகங்கள் இருந்தன.

"கதிரை எங்கை?" என்றேன்.

"அதை வேறை ஆக்கள் எடுத்துப்போட்டினம்."

"அதுக்கு உதுகளையோ தூக்கிக்கொண்டு வந்தனீங்கள்? உதிலை சாய்ஞ்சு படுக்க ஏலுமோ?"

"உமக்குத்தான் கொண்டு வந்தனான். எல்லாம் தோட்டமும் சமையலும். நான் வாசிச்சுச் சொல்லுறன், நீர் கேளும்."

பள்ளிக்கூடம் விட்டு வந்து தேத்தண்ணி குடித்ததும் அவர் வேப்பமரத்தடியில் நீள வாங்கைப் போட்டு உட்காருவார். நான் பக்கத்தில் மீன் வெட்டுவேன், அல்லது கீரை ஆய்வேன். அவர் ஆங்கிலத்தை மனதுக்குள் வாசித்துத் தமிழில் சொல்வார். ஊரில் மற்றப் பெண்களுக்கு அது ஒரு வேடிக்கை. வாத்தியார் வீட்டில் மனுசிக்கும் வகுப்பு நடக்கிறது என்று சிரித்தார்கள்.

முதலாவது புத்தகம் தடித்தது, பூந்தோட்டம் பற்றியது. கைப்பிள்ளையின் தலை அளவு ரோசாப் பூக்கள் அதில் நிறத்தில் அச்சடித்திருந்தன. ஒரு ரோசாச் செடிக்கு எத்தனை விதமாகத் தண்ணீர் விடலாம் என்று ஒரு பகுதி முழுக்க எழுதியிருந்தார்கள். எங்கள் கிணற்றுத் தண்ணீர் உவர். நல்ல தண்ணீருக்கு நான் குடத்தோடு காணிகள் தாண்டி நடக்க வேண்டும். அந்தப் புத்தகத்தைக் கேட்கக் கேட்க எனக்குக் கைதான் உளைந்தது. பாதியில் நிறுத்தச் சொல்லிவிட்டேன்.

இரண்டாவது, எந்தக் காலத்துக்கு எதைச் சமைப்பது என்று சொல்லும் புத்தகம். அதை முழுவதும் கேட்டேன், நியாயம் சொல்ல வேண்டும் என்பதற்காக. குளிர்காலத்தில் கிழங்கை அவிக்கிறார்கள். வெயில்காலத்தில் பச்சைப் பட்டாணியை அவிக்கிறார்கள். இடையில் வருகிற காலங்களில் முட்டைக்கோவாவை அவிக்கிறார்கள். எல்லாவற்றின் மேலும் வெண்ணெய். "அவிக்கிறதுக்கு ஏன் ஒரு புத்தகம்? அடுப்பும் தண்ணியும் காணுமே" என்று கேட்டேன். அவர் பக்கங்களைப் புரட்டிப் பார்த்தார். மிளகாய் என்ற சொல் அந்தப் புத்தகத்தில் ஓர் இடத்திலும் வரவில்லை என்று மட்டும் ஒத்துக்கொண்டார்.

மூன்றாவதுதான் நான் சொல்ல வந்தது. சிறியது, மண்ணிற மட்டை, உள்ளே படம் இல்லை. ஒவ்வொரு மாதத்தின் தலைப்பிலும் ஒரு வேலிப் படலை மட்டும் கோட்டால் வரைந்திருக்கும். சீமையில் ஒரு கிராமத்தில் வருடம் முழுவதும் தோட்டத்தில் என்ன நடக்கிறது, குசினியில் என்ன வேகிறது, ஆடுமாடு எப்படி, காற்று எந்தப் பக்கம், அயலட்டையில் யாருக்கு யாரோடு சண்டை என்று மாதம் மாதமாகச் சொல்லிக்கொண்டு போகும் புத்தகம். அந்த அந்த மாதத்தை அந்த அந்த மாதத்திலேயே வாசிப்பது என்று இவர் ஒரு சட்டம் வைத்தார். முன்னுக்குப் போய்ப் பார்க்க விடமாட்டார். என்னால் பார்க்கவும் ஏலாது.

நாங்கள் தொடங்கியது ஒரு பங்குனியில். வெள்ளைக்காரனுடைய மாதங்களையும் நாங்கள் தை, மாசி, பங்குனி என்றுதான் சொல்கிறோம். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கும் அப்படித்தான் சொல்லிக்கொடுப்பார்கள். ஆகவே இவரும் புத்தகத்தில் இருந்ததை அப்படியே சொன்னார். "பங்குனியிலை மண்ணைக் கிளறி விதை போடவேணும். மழையை வானம் பார்த்துக்கொள்ளும்." நான் நெடுந்தீவில் பிறந்து வளர்ந்தவள். பங்குனி என்றால் என்ன என்று எனக்குத் தெரியாதா? ஆனால் அச்சடித்த எழுத்துக்கு அந்த நாளில் எங்களிடம் ஒரு பயம் இருந்தது. அதுவும் சீமையில் அச்சடித்தது. வெள்ளைக்காரன் சும்மா எழுதியிருக்க மாட்டான், நமக்குத் தெரியாத சூட்சுமம் ஏதோ இருக்கிறது என்று நினைத்தேன். மண்ணைக் கொத்தினேன். பயித்தையும் வெண்டியும் போட்டேன். குடம் குடமாகத் தண்ணீர் சுமந்தேன். முளைத்தது. முளைத்தது சித்திரை வெயிலில் பொசுங்கிச் சருகாகப் போனது. இடுப்பைப் பிடித்துக்கொண்டு நான் வந்து அவர் முன் நின்றேன்.

"உந்தப் புத்தகத்தை மாட்டுக்குப் போடுங்கோ."

"சீமையிலை பங்குனியிலை மழை பெய்யுமப்பா."

"அப்ப அந்தச் சீமைக்காரனை இஞ்சை வந்து தண்ணி அள்ளச் சொல்லுங்கோ. இனி உதை நான் கேட்கமாட்டன்."

அவர் எழும்பினார். புத்தகத்தை அலுமாரியில் வைத்துப் பூட்டினார். அந்த வருடம் முழுவதும் அது வெளியே வரவில்லை. பின்னேரங்களில் அவர் வாங்கில் சும்மா உட்கார்ந்திருந்தார். நான் மீன் வெட்டினேன். எனக்கும் அது நன்றாக இருக்கவில்லை, ஆனால் சொன்ன சொல்லைத் திருப்பி எடுக்க எனக்கு வாய் வரவில்லை.

அடுத்த தை மாதம் பொங்கல் முடிந்த கையோடு அவரே புத்தகத்தை எடுத்துக்கொண்டு வந்தார். "போனமுறை நான் நடுவிலை தொடங்கினதுதான் பிழை. முதலிலை இருந்து கேட்டுப் பாரும்" என்றார். வேண்டாவெறுப்பாகக் கேட்கத் தொடங்கினேன். கேட்டபோது அது வேறு புத்தகமாக இருந்தது.

இந்த முறை அதில் ஒரு பெண் வந்தாள். அவளுக்குப் பெயர் இல்லை. இவர் "அந்த மனுசி" என்றே சொல்வார். கல்வேலி சூழ்ந்த ஒரு காணியில் அவள் தோட்டம் செய்தாள். "சீமையிலையும் கல்வேலியோ?" என்று கேட்டேன். "ஓம், அங்கையும் காத்துத்தானே" என்றார். தையில் அவள் காய்த்துக் கொட்டிய பூசணியை என்ன செய்வதென்று தெரியாமல் வீடு வீடாகக் கொடுத்தாள். அயலட்டை வாங்க மறுத்தபோது கோபித்துக்கொண்டு, அவர்கள் இல்லாத நேரம் பார்த்து அவர்களுடைய குசினி வாசலில் வைத்துவிட்டு வந்தாள். மாசியில் ஓர் ஆடு வேலி பாய்ந்து வந்து அவளுடைய கத்தரியைத் தின்றது. அவள் ஆட்டைக் கட்டிவைத்து, ஆட்டுக்காரன் வந்தபோது, தின்ற கத்தரிக்கு ஈடாக அதன் பாலைக் கறந்துவிட்டேன் என்று செம்பைக் காட்டினாள். பங்குனியில் அவள் விதை போடவில்லை! நிலத்தைத் தூங்கவிட்டு, இடிந்த கல்வேலியை அடுக்கினாள். இதைக் கேட்டபோது எனக்குள் எவ்வளவு சந்தோஷம் என்று சொல்ல முடியாது. "பாத்தீங்களே? விளப்பமுள்ள மனுசி, புத்திசாலி" என்றேன். அவர் கண்ணைப் புத்தகத்தில் இருந்து எடுக்கவில்லை.

சித்திரையில் அவள் மோர்மிளகாய் போட்டாள். வைகாசியில் நுங்கு வெட்டினாள். ஆனியில் காற்று எழும்பி வள்ளங்கள் போகாதபோது, முன்னரே காயவைத்து எடுத்து வைத்த கருவாட்டையும் வற்றலையும் கொண்டு வீட்டை நடத்தினாள். காற்றைப் பார்த்துப் பேசினாள். ஆடியில் பனங்கட்டி போட்டுக் கூழ் காய்ச்சினாள்.

"சீமையிலையும் ஆடிக்கூழோ?"

"அங்கை அதுக்கு வேறை பேர்."

நம்பினேன். ஏன் நம்பமாட்டேன்? ஒரு வாத்தியார் கையில் புத்தகத்தை வைத்துக்கொண்டு, கண்ணை வரியில் வைத்துக்கொண்டு சொல்கிறார். சில வேளை ஒரு வசனத்துக்கு நெடுநேரம் யோசிப்பார். மொழிபெயர்க்கக் கஷ்டமான இடம் போல என்று நான் மீனைத் திருப்பிப் போட்டுவிட்டுக் காத்திருப்பேன். அந்த மனுசியில் எனக்கு அவ்வளவு ஆசை. அவளுக்கும் என்னைப் போல வாய் கொஞ்சம் நீளம். கடல் தாண்டி எங்கேயோ ஒருத்தி இப்படி இருக்கிறாள் என்று நினைக்க, பிள்ளை இல்லாத வீடு என்று ஊர் சொல்லும் அந்த வீட்டில் எனக்கு ஒரு துணை கிடைத்தது போல இருந்தது.

ஆடி முடிகிற கட்டத்தில் ஒரு பின்னேரம் அவர் பக்கத்தைப் புரட்டிப் பார்த்துத் தனக்குள் சிரித்தார்.

"என்ன?" என்றேன்.

"ஆவணியிலை அந்த மனுசி ஒரு வேலை செய்யிறா. நீர் விழுந்து விழுந்து சிரிப்பீர்."

"இப்பவே சொல்லுங்கோ."

"ஆவணி பிறக்கட்டும்."

ஒரு சின்னப் பனையோலைத் துண்டை அந்த இடத்தில் அடையாளம் வைத்து மூடினார்.

இரண்டு நாள் கூடப் போகவில்லை. விடியக் கிணற்றடியில் முகம் கழுவப் போனவர் வாளியைக் கீழே விட்டுவிட்டு அதைப் பார்த்துக்கொண்டு நின்றார். எடுங்கோவன் என்றேன். எடுக்கவில்லை. கிட்டப் போய்ப் பார்த்தால் வாயின் ஒரு பக்கம் கீழே இழுத்திருந்தது. வலக்கை கயிறு போலத் தொங்கியது. பக்கத்து வீட்டாரைக் கூப்பிட்டு, ஆளைத் தூக்கிக் கொண்டுவந்து கட்டிலில் கிடத்தினோம்.

பாரிசவாதம் என்று எல்லோருக்கும் தெரிந்தது. யாழ்ப்பாணத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும் என்றும் எல்லோரும் சொன்னார்கள். எதில் கொண்டுபோவது? ஆனியில் எழும்பிய சோளகக் காற்று இன்னும் அடித்துக்கொண்டிருந்தது. துறைக்கு ஓடினேன். வள்ளக்காரர்கள் வள்ளங்களைக் கரையில் இழுத்துக் கட்டிவிட்டுக் குந்தியிருந்தார்கள். "அக்கா, கடலைப் பாருங்கோ. வருத்தக்காரனை ஏத்திக்கொண்டு இதுக்குள்ளை போக ஏலாது. போனால் எல்லாரும் போறதுதான்" என்றார்கள். அவர்கள் சொன்னது உண்மை. அந்தக் கரையில் நின்று நான் கத்தினேன், அழுதேன், கெட்ட வார்த்தைகூடப் பேசினேன். ஒருவரும் கோபிக்கவில்லை. நயினாதீவு அம்மனுக்கு நேர்த்தி வைத்தேன். நேர்த்தி வைக்கலாம், கோயிலுக்குப் போகவும் வள்ளம் வேண்டுமே.

தீவில் இருந்தது ஒரு சின்ன ஆஸ்பத்திரி. அதில் டாக்டருக்குப் பதிலாக ஓர் அப்போதிக்கரி இருந்தார். பென்சன் எடுக்கிற வயதை நெருங்கியவர், யாழ்ப்பாணப் பட்டினத்து ஆள், எங்கள் வீட்டுக்காரரோடு சதுரங்கம் ஆடுகிறவர். அவர் அன்று வேறு ஒரு வீட்டில் பிள்ளைப்பேறு பார்க்கப் போயிருந்தார். மறுநாள்தான் வர முடிந்தது. அந்த இடைப்பட்ட பகலைத்தான் என்னால் மறக்க முடியவில்லை.

காலையில் கஞ்சி வைத்துக் கொண்டுபோனேன். "குடிக்கிறியளே?" என்றேன்.

"பிறகு" என்றார்.

சத்தம் குழறலாக இருந்தது, ஆனால் சொல் தெளிவாக விளங்கியது. எனக்கு உயிர் வந்தது. பேச்சு போகவில்லை! கஞ்சியை மூடி வைத்தேன். கொஞ்ச நேரம் போகக் கொண்டுபோனேன். "பிறகு" என்றார். மத்தியானம் சூடாக்கிக் கொண்டுபோனேன். "பிறகு, பிறகு" என்றார், கொஞ்சம் வேகமாக. வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளவில்லை போல, வருத்தக்காரனை வற்புறுத்தக் கூடாது என்று கஞ்சியைத் திருப்பி எடுத்துக்கொண்டு போனேன். பின்னேரம் போனபோது அவர் இடக்கையால் என் சீலைத் தலைப்பைப் பிடித்தார். கண்ணில் நீர் வடிந்தது. "பிறகு" என்றார். "சரி, சரி, பிறகே குடியுங்கோ. அவசரமில்லை" என்று தடவிக்கொடுத்தேன். இரவும் அப்படியே போனது.

மறுநாள் அப்போதிக்கரி வந்தார். கட்டிலில் உட்கார்ந்து ஒரு விரலைக் காட்டினார்.

"வாத்தியார், இது என்ன?"

"பிறகு."

"உங்கடை பேர் என்ன?"

"பிறகு."

"தலையிடிக்குதோ?"

"பிறகு."

அப்போதிக்கரி என்னைத் திரும்பிப் பார்த்தார். "தங்கச்சி, ஆளுக்குச் சொல் எல்லாம் போட்டுது. ஒண்டுதான் மிஞ்சிக் கிடக்கு. இவர் எதைச் சொல்ல நினைச்சாலும் வாயிலை அதுதான் வரும். தலையாலை ஓம், இல்லை காட்டுவார், அதைப் பாரும்."

நான் குசினிக்கு ஓடினேன். கஞ்சிப் பானையைத் தூக்கும்போது அவசரத்தில் அரைவாசி அடுப்பில் ஊற்றுண்டது. மிச்சத்தைக் கொண்டுவந்து கரண்டியால் பருக்கினேன். குடித்தார். அவ்வளவு ஆசையாகக் குடித்தார். ஒரு பகலும் ஓர் இரவும் அந்த மனுசன் கஞ்சி தா, கஞ்சி தா என்று என்னைக் கெஞ்சியிருக்கிறார். நான் ஒவ்வொரு முறையும் சரி என்று சொல்லிவிட்டுக் கஞ்சியைத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறேன். அன்றிலிருந்து அந்தச் சொல் என் வாயில் வருவதில்லை. இதை எழுதும்போதும் அது வரவேண்டிய இடங்களில் வேறு சொல் தேடித்தான் போட்டிருக்கிறேன்.

ஏன் அந்தச் சொல் மட்டும் மிஞ்சியது என்று நான் யோசித்துக்கொண்டே இருந்தேன். பின்னர்தான் பிடிபட்டது. வாசித்துச் சொல்லும்போது ஒரு வசனம் முடிந்து அடுத்ததைத் தேடும் இடைவெளியில் அவர் போடும் சொல் அது. பின்னேரம் பின்னேரமாக வேப்பமரத்தடியில் நான் கேட்டது. மற்றது எல்லாம் அள்ளுண்டு போக, அதுமட்டும் அடியில் தங்கிவிட்டது.

காற்று கொஞ்சம் தணிந்தது. வள்ளம் பிடிக்கவோ என்று கேட்டேன். அப்போதிக்கரி தலையை ஆட்டினார். "இனிக் கொண்டுபோய்ப் பயனில்லை, தங்கச்சி. அங்கையும் படுக்கையிலைதான் போடுவினம். இஞ்சை எண்டால் நீர் பக்கத்திலை இருப்பீர்." பேச்சு திரும்பி வராதோ என்று கேட்டேன். வரும் என்றும் சொல்லவில்லை, வராது என்றும் சொல்லவில்லை. "பழக்கமான கதைகளைக் கேட்கக் கேட்கச் சிலருக்குச் சொல் திரும்பி வாறதுண்டு" என்றார்.

உடனே எனக்குப் புத்தகம் நினைவு வந்தது. ஆவணியும் பிறந்திருந்தது. அலுமாரியைத் திறந்து, ஓலைத்துண்டு வைத்த இடத்தில் விரித்து அப்போதிக்கரி கையில் கொடுத்தேன். "இதிலை இருந்து வாசிச்சுச் சொல்லுங்கோ, ஐயா. இவர் இவ்வளவும் சொல்லித் தந்திட்டார். ஆவணியிலை அந்த மனுசி ஏதோ செய்யிறாவாம்." கட்டிலில் இருந்தவர் இடக்கையை உயர்த்தி ஆட்டினார். "பிறகு, பிறகு" என்றார். வேண்டாம் என்று அவர் சொன்னதை நான் வாசியுங்கோ என்று எடுத்துக்கொண்டேன். கெஞ்சலுக்கும் மறுப்புக்கும் ஒரே சொல் என்றால் நான் என்ன செய்வது?

அப்போதிக்கரி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்தார். ஆவணியில் மழை பெய்துகொண்டிருந்ததாம். தபால்காரன் நனைந்துபோய் வந்தானாம். பிளம் என்று ஒரு பழம் மரத்திலேயே வெடித்துப்போனதாம். நாய் பழத்தைத் தின்றுவிட்டு வாந்தி எடுத்ததாம். எழுதினவர் பழத்தைச் சீனியில் காய்ச்சிப் போத்தலில் அடைத்தாராம்.

"அந்த மனுசி எங்கை?" என்றேன்.

"எந்த மனுசி?"

"தோட்டக்கார மனுசி. பூசணிக்காய் கொண்டுபோய் வாசலிலை வைச்சவ. ஆட்டுப்பால் கறந்தவ."

அப்போதிக்கரி முன்னுக்கும் பின்னுக்கும் புரட்டினார். நெடுநேரம் புரட்டினார். "இதிலை மனுசி ஒருத்தியும் இல்லை, தங்கச்சி. எழுதினவர் ஒரு கிழவன். கலியாணம் கட்டாத ஆள். அவரும் ஒரு நாயும்தான். பூசணியும் இல்லை, ஆட்டுப்பாலும் இல்லை." இன்னும் கொஞ்சம் பார்த்துவிட்டு, எனக்கு ஆறுதல் சொல்வது போல, "கல்வேலி மட்டும் இருக்கு" என்றார்.

எனக்கு முதலில் வந்தது கோபம்தான். இத்தனை மாதமாக என்னை ஏமாற்றினீர்களா என்று கேட்கத்தான் கட்டிலின் பக்கம் திரும்பினேன். அவர் முகத்தைச் சுவர்ப்பக்கம் வைத்திருந்தார். பார்த்தெழுதிப் பிடிபட்ட பள்ளிப் பிள்ளையின் கழுத்து எப்படி இருக்குமோ அப்படி இருந்தது அவருடைய கழுத்து. என் கோபம் நின்ற இடத்திலேயே நின்றது.

குசினிக்குள் போய் இருந்து யோசித்தேன். பூசணிக்காயைப் பக்கத்து வீட்டு வாசலில் வைத்துவிட்டு ஓடி வந்தது யார்? நான். கல்யாணமான புதிதில். ஆட்டுக்காரனோடு சண்டை பிடித்தது யார்? அதுவும் நான்தான், பால் கறந்தது மட்டும் அவர் சேர்த்த கைவண்ணம். காற்றைப் பார்த்து ஏசுகிற ஒருத்தியை இந்தத் தீவில் தேடினால் என் வீட்டுக்குத்தான் வரவேண்டும். பங்குனியில் பொசுங்கிய பயிரைப் பார்த்து நான் கத்தினேன் அல்லவா, அதற்கு அவர் செய்த பரிகாரம் இது. புத்தகத்தில் இருந்த கிழவனை வெளியே அனுப்பிவிட்டு, அந்தக் காணிக்குள் என்னைக் கொண்டுபோய் வைத்திருக்கிறார். எனக்கே தெரியாமல் எனக்கு என்னைப் பிடித்துப்போய், விளப்பமுள்ள மனுசி என்று புகழ்ந்துகொண்டு மீன் வெட்டியிருக்கிறேன். அடுப்படியில் இருந்து அழுதேன். வெட்கமாகவும் இருந்தது, சொல்ல முடியாத ஆசையாகவும் இருந்தது.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்த மூன்றாவது புத்தகம் அலுமாரியில் இருக்கிறது, ஆனால் நான் கேட்ட புத்தகம் அதில் இல்லை. அது எழுதப்படவே இல்லை. ஆவணியும், புரட்டாதியும், ஐப்பசி மழையும், மார்கழியும் எல்லாம் அந்த ஒரு தலைக்குள்தான் இருந்தன. இங்கிலீசு படித்த எவரைக் கூட்டிவந்தாலும் வாசிக்க ஏலாது. ஒன்றும் வேண்டாம், ஆவணி ஒன்றையாவது அறிந்துவிட வேண்டும் என்று எனக்குப் பைத்தியம் பிடித்தது. நான் விழுந்து விழுந்து சிரிப்பேன் என்று சொன்னாரே. நான் என்ன செய்தேன் என்று நினைத்துச் சொன்னார்? என் வாழ்க்கையில் நான் செய்த கூத்துகளை எல்லாம் ஒவ்வொன்றாக எடுத்து அவர் முன் வைத்தேன். "மாட்டுக் கயிறோடை இழுபட்டுப் போனதோ?" இல்லை என்று தலையாட்டினார். "உப்பெண்டு நினைச்சுச் சீனி போட்டதோ?" இல்லை. "கோயிலிலை செருப்பு மாறிப் போட்டுக்கொண்டு வந்ததோ?" இல்லை. என்னிடம் இருந்த கூத்துகள் தீர்ந்துபோயின. நடக்காத ஒன்றை அவரே கற்பனை செய்திருந்தால் நான் எங்கே போய்த் தேடுவது?

அவர் அந்த வருடத்து மாரி மழையைக் காணவில்லை. அதற்கு முன் ஒரு பின்னேரம் நடந்ததைச் சொல்கிறேன்.

அன்று நானே வாங்கைக் கட்டிலடியில் இழுத்துப் போட்டு, கையில் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு தையில் இருந்து சொல்லத் தொடங்கினேன். எழுத்துத் தெரியாத புத்தகத்தில் கண்ணை வைத்துக்கொண்டு, அவர் சொன்ன கதையை அவருக்கே சொன்னேன். பூசணிக்காய் வந்தது, ஆடு வந்தது. அவருடைய முகத்தின் நல்ல பக்கம் மலர்ந்துகொண்டே வந்தது. நான் ஓர் இடத்தை விட்டுவிட்டால் கட்டில் சட்டத்தில் தட்டுவார், நான் திரும்பிப் போய் எடுத்துக்கொண்டு வருவேன். ஆனிக் காற்று வந்தது. ஆடிக்கூழ் காய்ச்சி இறக்கினேன். அங்கே நிறுத்தினேன்.

"எனக்குத் தெரிஞ்சது இவ்வளவும்தான்" என்றேன். "இனி நீங்கள் சொல்லுங்கோ. ஆவணியிலை அவ என்ன செய்தா?"

அவர் இடக்கையை ஊன்றி எழும்பப் பார்த்தார். தலையணையை உயர்த்தி வைத்துச் சாய்த்துவிட்டேன். தொண்டையைச் செருமிக்கொண்டார். சொல்லத் தொடங்கினார்.

"பிறகு" என்றார், கதை தொடங்குகிறவர்கள் சொல்வது போல, ஆறுதலாக. "பிறகு, பிறகு" என்று கையால் எதையோ உருண்டையாகக் காட்டினார். வாசல் பக்கம் காட்டினார். குரலை மெல்லியதாக்கி, கீச்சென்று, கேள்வி கேட்பது போல "பிறகு?" என்றார். அது அந்த மனுசியின் குரல் என்று விளங்கியது. என்னுடைய குரல். தடித்த குரலில் வேறு யாரோ பதில் சொன்னார்கள். அவள் திருப்பிக் கொடுத்தாள். இரண்டு பேருக்கும் வாக்குவாதம் ஏறியது. கை மேலே போனது, கீழே வந்தது, ஏதோ ஒன்று வேலிக்கு மேலால் பாய்ந்தது. கதை முழுவதும் அவரிடம் அப்படியே இருந்தது. ஒன்றும் தொலைந்திருக்கவில்லை. எங்கே நிறுத்துவது, எங்கே குரலைத் தாழ்த்துவது எல்லாம் சரியாக, வேப்பமரத்தடியில் சொல்வது போலவே சொல்லிக்கொண்டு போனார். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு அவருடைய வாயையும் கையையும் மாறி மாறிப் பார்த்தேன். என்னால் ஒரு சொல்லையும் பிடிக்க முடியவில்லை. அவருடைய உதட்டோரம் துடிப்பதைக் கண்டேன். இதுதான் அந்த இடம் என்று நினைத்தேன்.

சிரித்தேன். நன்றாகச் சத்தம் போட்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன்.

அவர் சொல்வதை நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்த்தார். சிரிக்க வேண்டிய இடம் இன்னும் வந்திருக்கவில்லை.